உப்பைக் குறைத்து மக்காச்சோளக் கூழ் காய்ச்சுவது எப்படி?



திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்து வீடுகளில் உப்பு பல வழிகளில் வயிற்றுக்குள் போகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றிலும் உப்பு உண்டு. இது போதாதென்று சோற்றிலும் குழம்பிலும் தனியாகச் சேர்க்கிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு போதும் என்கிறது. அதாவது, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அளவு மீறினால் இரத்த அழுத்தம் ஏறும். வலி எதுவும் காட்டாமலே அது இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பக்கவாதத்திலும் கொண்டுபோய் விடும்.

உப்பைக் குறைத்தால் வாய்க்குப் பிடிக்காதே என்பதுதான் பலருடைய கவலை. இதற்கு ஆப்பிரிக்க மக்களின் சமையலில் ஒரு வழி இருக்கிறது. கென்யாவில் உகாலி, ஜாம்பியாவில் ந்ஷிமா, ஜிம்பாப்வேயில் சட்ஸா என்று மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டுவார்கள். அதில் பெரும்பாலும் உப்பே போடுவதில்லை. தொட்டுக்கொள்ளும் கீரையிலும் மீனிலும் உள்ள உப்பே போதும். மாவைப் புளிக்க வைத்துக் கஞ்சி காய்ச்சும் வழக்கமும் அங்கே உண்டு. புளிப்பு இருந்தால் உப்பு குறைவது நாக்குக்குத் தெரியாது. நம் கேழ்வரகும் கம்பும் ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியங்களே. ஆகவே கூழ் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல.

தேவையானவை (4 பேருக்கு): மக்காச்சோள மாவு 1 டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், கடைந்த மோர் 1 டம்ளர், சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 1, கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சை பாதி, உப்பு கால் தேக்கரண்டி. கடையில் கேட்கும்போது கவனம்: வெள்ளையாக இருக்கும் கார்ன்ஃப்ளோர் வெறும் மாவுச்சத்து, அது வேண்டாம். மஞ்சள் நிறத்தில் முழுத் தானியத்தை அரைத்த மாவுதான் வேண்டும்.

செய்முறை: இரவில் மாவை 2 டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கரண்டி மோர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் மீதி 4 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைத்த மாவைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். பிறகு தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் 20 நிமிடம் வேகவிடுங்கள். பச்சை வாசனை போனதும் இறக்கி, நன்றாக ஆறிய பின் மீதி மோரையும் நறுக்கியவற்றையும் எலுமிச்சைச் சாற்றையும் சேருங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். அப்போது கொஞ்ச உப்பே நாக்கில் எடுப்பாகத் தெரியும். இந்த அளவில் ஒருவருக்கு அரை கிராம் உப்புகூட வராது.

ஆனால் இந்தக் கூழுக்குக் கருவாட்டைக் கடித்துக்கொண்டால் குறைத்த உப்பெல்லாம் திரும்பி வந்துவிடும். ஏரியில் பிடித்த பச்சை மீனையோ, பருப்புத் துவையலையோ, கீரையையோ வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழை மக்களுக்குப் பல நாடுகளில் பெல்லக்ரா என்ற நோய் வந்திருக்கிறது. அதனாலும் மீனும் பருப்பும் கூட இருப்பது அவசியம்.

நோன்புக் கஞ்சிக்கும் இதே வழி பொருந்தும். இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் சேரும் கஞ்சிக்கு உப்பு அதிகம் தேவையில்லை. பெரிய சட்டியில் உப்பைக் குறைத்துப் போட்டால், வேண்டியவர்கள் தனியே சேர்த்துக்கொள்ளலாம். கூடிப்போன உப்பை யாராலும் எடுக்க முடியாது. ஸஹரில் உப்பு மிகுந்தால் பகலில் தாகமும் கூடும்.

சில எச்சரிக்கைகள்: இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூழை அளவோடு குடிக்க வேண்டும். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.