கீமோ யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில் கட்டி மார்பகத்தில் இருக்கும்; மிஞ்சிப்போனால் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எட்டியிருக்கும். நுரையீரல், கல்லீரல், எலும்பு போன்ற இடங்களுக்குப் பரவிய அறிகுறி இருக்காது. அறுவை சிகிச்சையில் கட்டியை முழுதாக அகற்றிய பிறகும், ஸ்கேனில் தட்டுப்படாத சில செல்கள் உடலில் எங்கேனும் தங்கிவிடக்கூடும். பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்புவது பெரும்பாலும் அவற்றால்தான். அவற்றை ஒழிக்கவே மருந்து தரப்படுகிறது. எந்த மருந்து, யாருக்கு என்பதைக் கட்டியின் அளவையும் கணுக்களின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து முடிவுசெய்த காலம் மலையேறிவிட்டது. கட்டியின் குணமே இன்று சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

மார்பகப் புற்றுநோய் எல்லாப் பெண்களிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதற்கான ஆரம்பத் தடயம் 1896-ல் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், நோய் முற்றிய பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கியதைப் பதிவுசெய்தார். மற்ற மருத்துவர்களும் அதைச் செய்து பார்த்தார்கள். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. காரணம் புரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்று செல்லுக்குள் இருப்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் கண்டறிந்தார். அந்த ஏற்பி உள்ள கட்டிகளே ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்கின்றன. ஏற்பியை அடைத்துக்கொள்ளும் டமோக்சிஃபென் மாத்திரைக்கு 1977-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏற்பி உள்ளவர்கள் ஐந்தாண்டு இதைச் சாப்பிட்டால், இந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்குப் பலன் கிடையாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு இப்போது லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன.

ஏற்பி இருக்கிறதா என்பதை நோய்க்குறியியல் ஆய்வகம் சொல்கிறது. பயாப்ஸியில் எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊற வேண்டும். பிறகு அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கருவியால் 4 மைக்ரான் கனத்தில் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சேர்த்து நிறமேற்றினால், ஏற்பி உள்ள செல்களின் உட்கரு பழுப்பாகிறது. மற்றவை நீலமாகவே நிற்கின்றன. நூறு புற்றுச்செல்களில் ஒன்று பழுப்பானாலும் அறிக்கையில் 'ஈஆர் பாசிட்டிவ்' என்று வரும். 1 முதல் 10 விழுக்காடு வரை என்றால் 'லோ பாசிட்டிவ்' என்று தனியே குறிப்பிடுவார்கள். புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் இதே முறையில் பார்க்கிறார்கள்.

இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. அறுவை அரங்கில் எடுத்த மார்பகத் திசுவை அறுத்துப் பிரிக்காமல் அப்படியே வாளியில் போட்டால் ஃபார்மலின் உள்ளே இறங்காது. ஃபார்மலினே இல்லாமல் சில மணி நேரம் கிடந்துவிட்டால், இருக்கும் ஏற்பியும் இல்லாததுபோலத் தெரியக்கூடும். அப்படி வரும் ஒரு தவறான 'நெகட்டிவ்' முடிவு, ஒரு பெண்ணின் உயிரைக் காத்திருக்கக்கூடிய விலை மலிந்த மாத்திரையை அவருக்கு இல்லாமல் செய்துவிடும். புதிய மரபணுப் பரிசோதனைகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும், இந்த நோயில் ஆக முக்கியமானது இந்த எளிய நிறமேற்றல்தான்.

அடுத்த குறியீடு ஹெர்-2. செல்லின் மேலுறையில் இருந்துகொண்டு 'வளர், பெருகு' என்று உத்தரவு கொடுக்கும் புரதம் இது. சில கட்டிகளில் இதற்கான மரபணு பல நகல்களாகப் பெருகிக் கிடக்கிறது. அத்தகைய கட்டி வேகமாகப் பரவுகிறது என்பதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987-ல் காட்டினார்கள். அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் 1998-ல் வந்தது. தொடக்க நிலை நோயாளிகளுக்குக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2005-ல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. மிக மோசமான வகை என்று அஞ்சப்பட்ட ஒன்று, நன்றாகக் கட்டுப்படும் வகையாக மாறியது இப்படித்தான். பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதே மருந்தின் மாற்று வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு இந்தியாவில் விலையும் இறங்கியது. ஹெர்-2 அறிக்கையில் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுங்கெட்டான். மரபணு நகல்களை நேரடியாக எண்ணும் 'ஃபிஷ்' பரிசோதனை செய்யாமல் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

மூன்று குறியீடுகளும் இல்லாதது 'டிரிபிள் நெகட்டிவ்'. மேலைநாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் இதன் விகிதம் கூடுதல். இங்கே ஹார்மோன் மாத்திரையும் டிராஸ்டுசுமாபும் உதவாததால், கட்டி மிகச் சிறியதாக இருந்தாலன்றிக் கீமோ தேவைப்படுகிறது. டிரிபிள் நெகட்டிவ் கட்டியோ ஹெர்-2 கட்டியோ 2 செ.மீ.க்கு மேல் இருந்தால், மருந்தை அறுவைக்கு முன்பே கொடுப்பது இன்றைய வழக்கம். அறுவையில் எடுத்த திசுவில் புற்றுச்செல் மிச்சமிருந்தால் அடுத்த மருந்தை மாற்றலாம் என்பது இதன் பெரிய அனுகூலம்.

டியூமர் மார்க்கர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3, சிஇஏ ஆகியவை. தொடக்க நிலையில் சிகிச்சையைத் தீர்மானிக்க இவை உதவுவதில்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோருக்கு இவற்றின் அளவு இயல்பாகவே இருக்கும். புற்றுநோயே இல்லாத கல்லீரல் நோயாளிக்கும் சிஏ 15-3 கூடலாம். புகைபிடிப்பவருக்குச் சிஇஏ கூடலாம். சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவற்றைப் பார்க்கும் வழக்கத்தை அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் பரிந்துரைப்பதில்லை. எண் சற்றே ஏறினாலும் அந்தக் குடும்பம் தூக்கமிழக்கிறது, ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுக்கிறது. ஆயுள் கூடுவதாக நிரூபணம் இல்லை. நோய் பரவிய நிலையில் மருந்து வேலை செய்கிறதா என்று கவனிக்க மட்டும் இவற்றுக்குப் பயன் உண்டு.

உண்மையான குழப்பம் பெரும்பான்மையான வகையில்தான் இருந்தது. ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், கணுவில் பரவல் இல்லை. இவர்களுக்கு மாத்திரை போதுமா, கீமோவும் வேண்டுமா? எல்லோருக்கும் கீமோ கொடுத்தால் நூற்றில் சிலருக்கே கூடுதல் பலன் கிடைக்கும். முடி உதிர்வு, வாந்தி, நரம்புக் கோளாறு, இளம் பெண்களுக்கு மலட்டுத்தன்மை எனப் பக்கவிளைவுகளை மட்டும் எல்லோரும் சுமக்க வேண்டும்.

இதற்கு விடை தேடியவை மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனைகள். 2004-ல் வெளியான ஆங்கோடைப் டிஎக்ஸ், மெழுகில் பதித்த அதே திசுவிலிருந்து 21 மரபணுக்களின் ஆர்என்ஏ அளவைக் கணக்கிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, ஈஸ்ட்ரோஜனை எவ்வளவு நம்பியிருக்கிறது ஆகியவையே இதில் முக்கிய எடை பெறுகின்றன. இந்த மதிப்பெண்ணை நம்பிக் கீமோவைத் தவிர்க்கலாமா என்று சோதித்த டெய்லர்-எக்ஸ் ஆய்வில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கீமோவும் மாத்திரையும், மறு பிரிவுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. ஒன்பது ஆண்டுக்குப் பிறகு தொலைவு உறுப்புகளில் நோய் திரும்பாதவர்கள் ஒரு பிரிவில் 95.0 விழுக்காடு, மறு பிரிவில் 94.5. இவ்வகை நோயுள்ள மிகப் பெரும்பாலானோர் கீமோவின்றியே நலமாக இருக்க முடியும் என்ற அந்த முடிவு, இத்துறையின் ஆகச்சிறந்த சாதனைகளுள் ஒன்று.

ஆனால் வயது இதில் குறுக்கிடுகிறது. 50 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்களில், மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தால் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவியவர்களை ஆராய்ந்த ஆர்எக்ஸ்-பாண்டர் ஆய்வும் 2021-ல் இதையே வேறு விதமாகச் சொன்னது. மதிப்பெண் 25-க்குள் இருக்கும்போது, மாதவிடாய் நின்றவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை, நிற்காதவர்களுக்கு உண்டு. கீமோ இளம் பெண்களின் சினைப்பையை முடக்கி ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதாலும் இந்தப் பலன் வந்திருக்கலாம். அப்படியானால் சினைப்பையை ஊசியால் அடக்கினாலே போதாதா என்ற கேள்வி இன்னும் ஆய்வில் இருக்கிறது. நெதர்லாந்தில் உருவான 70 மரபணு மம்மாபிரிண்ட் பரிசோதனைக்கும் ஐரோப்பாவில் 6,693 பெண்களைக் கொண்டு நடந்த மின்டாக்ட் ஆய்வு இதேபோன்ற ஆதாரம் தருகிறது.

இந்தியாவில் இவற்றுக்குத் தடை விலை. ஆங்கோடைப் டிஎக்ஸுக்கு மெழுகுக்கட்டி அமெரிக்காவுக்குப் போக வேண்டும், செலவு லட்சங்களைத் தொடும். பெங்களூரில் உருவான கேன்-அசிஸ்ட் பிரெஸ்ட், நிறமேற்றல் முறையில் ஐந்து புரதங்களைப் பார்த்துக் குறைந்த செலவில் ஆபத்தைக் கணிக்கிறது. டெய்லர்-எக்ஸ் அளவிலான குலுக்கல் ஆய்வு அதற்குப் பின்னணியாக இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். காசே செலவில்லாத வழியும் உண்டு. வயது, கட்டியின் அளவு, கணு, தரநிலை, ஈஆர், ஹெர்-2 ஆகியவற்றை உள்ளிட்டால் கீமோவின் பலனைக் கணக்கிட்டுத் தரும் பிரெடிக்ட் கருவி கேம்பிரிட்ஜில் உருவானது. சிறிய கட்டி, குறைந்த தரநிலை, வலுவான ஈஆர், வயது அறுபதைத் தாண்டியவர் என்றால் மரபணுப் பரிசோதனையே தேவைப்படாமல் போகலாம். பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 குறியீடு 5 விழுக்காட்டுக்குள் இருந்தாலோ 30-ஐத் தொட்டாலோ நம்பலாம். இடைப்பட்ட எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகின்றன.

இதுவரை சொன்னவை கட்டியின் மரபணுக்கள். பிறக்கும்போதே வந்த மரபணுப் பிறழ்வு தனிச் சங்கதி; அதை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்க்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 விழுக்காடு பரம்பரையாக வருவது. அதற்குக் காரணமான பிஆர்சிஏ-1 மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் 1990-ல் கண்டறிந்தார். பிறழ்வு இருப்பது தெரிந்தால் சிகிச்சையே மாறுகிறது. மறு மார்பகத்தையும் அகற்றுவதா, சினைப்பையை எடுப்பதா என்று யோசிக்க வேண்டிவரும். நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஓலாபரிப் மாத்திரையை ஓராண்டு கொடுத்தபோது, மூன்றாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 77.1 விழுக்காட்டிலிருந்து 85.9 ஆக உயர்ந்ததை 2021-ல் ஒலிம்பியா ஆய்வு காட்டியது. புதிதாக நோய் கண்ட 65 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் இந்தப் பரிசோதனைக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2024-ல் அமெரிக்கச் சங்கங்கள் பரிந்துரைத்தன.

பிறழ்வு தாய்வழியில் மட்டுமல்ல, தந்தைவழியிலும் வரும். எனவே குடும்ப வரலாறு கேட்கும்போது அத்தைகளையும் அப்பாயியையும் விட்டுவிடக் கூடாது. பிறழ்வு உள்ளவரின் மகனுக்கும் மகளுக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு தலா 50 விழுக்காடு. சில அறிக்கைகளில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று இருக்கும். அதைப் பிறழ்வாக எண்ணி மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றக் கூடாது. இப்படிக் குறிக்கப்பட்டு, கூடுதல் தகவல் சேர்ந்த பின் மறுவகைப்படுத்தப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவையாகவே முடிகின்றன.