தூங்கா நகரம்

நுழையும்முன்

கூடல், ஆலவாய், நான்மாடக்கூடல் எனப் பழம்பெயர்கள் பல கொண்ட மதுரைக்கு மக்கள் வழங்கிய பெயர் ‘தூங்கா நகரம்’. நள்ளிரவிலும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும் ஊர் என்று இப்பெயருக்கு எளிதாகப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால், ஊர் தூங்காமலிருக்க யாரேனும் விழித்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் யாவர்? அவர்களது உழைப்புக்கும் ஓய்வுக்கும் நகரம் தரும் மதிப்பு என்ன? ஒரு நாளின் பொழுதுகளை வரிசையாகப் பின்தொடர்ந்து இதற்கு விடை காண்போம்.

ஆறு கிடந்தாற்போன்ற தெருக்கள்

பத்துப்பாட்டுள் நீளத்தால் முதலிடம் பெறுவது மதுரைக்காஞ்சி. 782 அடிகளை உடையது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடியது. நிலையாமையை உணர்த்த வந்த புலவர், நகரத்தின் பகலையும் இரவையும் பொழுது பொழுதாக வருணிக்கிறார். ஆறு கிடந்தாற்போல் அகன்ற தெருக்களையும், நாளங்காடி எனப்பட்ட பகற்கடைகளையும், அல்லங்காடி எனப்பட்ட இரவுக்கடைகளையும் காட்டுகிறார். முகில் முகந்தாலும் குறையாத, ஆறுகள் புகுந்தாலும் மிகாத கடலைப்போல அங்கே கொள்வோரும் கொடுப்போரும் குறையாதிருந்தனர் என்கிறார்.

இன்றைய நகரின் நடுப்பகுதியும் தெருக்களாலேயே அறியப்படுகிறது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றை ஒன்று சூழ்ந்த தெருக்கள் அமைந்துள்ளன. அவற்றிற்கு வெளியே இருப்பவை வெளி வீதிகள். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டதால் உருவானவை இவை. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்கள் அப்பணியில் ஈடுபட்டோரை இன்றும் நினைவூட்டுகின்றன. மதிலுக்குள் அடங்கியிருந்த ஊர் அதன்பின் நாற்புறமும் விரிந்தது. 1875இல் தொடர்வண்டி வந்தது. 1971இல் மதுரை மாநகராட்சியாக உயர்ந்தது.

விடியலும் மல்லிகையும்

பலரும் கண்விழிக்கும் முன்பே நகரின் வேலை தொடங்கிவிடுகிறது. தூய்மைப் பணியாளர்கள் முந்தைய நாளின் குப்பைகளை அகற்றுகின்றனர். சுற்றுப்புற ஊர்களில் இருள் பிரியும் முன்பே மல்லிகை பறிக்கப்படுகிறது. மாலையில் மலரவேண்டிய மல்லிகையை வைகறையில் மொட்டாகவே கொய்தாக வேண்டும். வெயில் ஏறினால் மொட்டின் தரம் குன்றும். தரம் குன்றினால் விலை இறங்கும். ஆகவே, பூவின் கடிகாரத்திற்கு ஏற்பவே பறிப்போரின் தூக்கம் அமைகிறது.

மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வந்து சேரும் மொட்டுகள் சரம் தொடுக்கும் பெண்களிடமும், வெளியூர்களுக்கும், வான்வழியே வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. முகூர்த்த நாள்களில் விலை பன்மடங்கு ஏறும். வரத்து மிகும் காலத்தில் சரியும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற பகுதி மலர்கள் அப்பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க இச்சட்டப் பாதுகாப்பு உதவுகிறது.

பகலும் கடைவீதியும்

விளக்குத்தூண் சுற்றுப்புறத்திலும் மாசி வீதிகளிலும் பகல் முழுவதும் துணி வணிகம் நடைபெறுகிறது. சௌராட்டிர மக்களின் கைத்திறனால் பெயர்பெற்ற சுங்குடிச் சேலை இந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. துணியில் சிறுசிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சு அவிழ்ந்த இடங்களில் சாயம் ஏறாமல் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒருவர் விரல்நுனியின் உழைப்பு.

பெருங்கடைகளில் துணியை விரித்துக் காட்டுவோர் பெரும்பாலும் இளம்பெண்கள். வாங்க வருவோர் அமர்ந்திருக்க, விற்போர் நாள் முழுவதும் நின்றுகொண்டே பணிபுரிவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கால் வீக்கமும் நரம்புப் புடைப்பும் அவ்வழக்கத்தின் விளைவுகள். இந்நிலையை மாற்ற, 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் குறித்த சட்டத்தைத் திருத்தின. பணியாளர்களுக்கு இருக்கை வசதி அளிப்பது கடை உரிமையாளரின் கடமை ஆயிற்று. அமர்வதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. சட்டம் இட்ட இருக்கையில் பணியாளர் அச்சமின்றி அமரும் நாளே அது நடைமுறைக்கு வந்த நாளாகும்.

அந்தியும் அரங்குகளும்

மதுரையின் பொழுதுபோக்கு நாடகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அவர் வளர்த்த மரபில் வந்த ‘ஸ்பெஷல் நாடகம்’ இன்றும் கோயில் திருவிழாக்களில் நடிக்கப்படுகிறது. இதில் நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒத்திகையின்றி மேடையிலேயே ஒன்றுகூடுவர். இரவு தொடங்கும் வள்ளி திருமணம் விடியும்வரை நீளும். ஊரார் கலைந்து உறங்கச் செல்லும்போது, நடிகர்கள் ஒப்பனையைக் கலைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவர்.

பின்னர்த் திரைப்படம் வந்தது. 1952இல் ‘பராசக்தி’ படத்துடன் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அது நின்ற இடத்தில் இன்று துணிக்கடை உள்ளது. அரங்குகள் சில மறைய, புதிய கூடுமிடங்கள் தோன்றுகின்றன. 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அத்தகையது. கட்டணமின்றி அமர்ந்து படிக்க இடமிருப்பது, வீட்டில் தனியறை இல்லாத மாணவர்க்குப் பெருந்துணை.

தெருவே திருவிழாவாக

சித்திரையில் நகரம் முழுவதும் தெருவுக்கு வந்துவிடுகிறது. மீனாட்சி திருக்கல்யாணமும் மாசி வீதிகளில் தேரோட்டமும் முடிந்தபின், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலிலிருந்து வரும் கள்ளழகர், முழுநிலவு நாளில் வைகையில் இறங்குகிறார். தனித்தனியே நிகழ்ந்த சைவ, வைணவ விழாக்களைத் திருமலை நாயக்கர் ஒரே காலத்தில் அமையச் செய்தார் என்பர். சிற்றூர் மக்கள் இரவு முழுவதும் ஆற்றங்கரையில் காத்திருக்கின்றனர். வழிநெடுகிலும் நீர்மோர்ப் பந்தல்கள் அவர்களை வரவேற்கின்றன.

இத்தகைய பெருங்கூட்டம் மகிழ்ச்சியோடு பொறுப்பையும் கொண்டுவருகிறது. 2022இல் வைகையில் இறங்கும் நிகழ்வின்போது ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். வெளியேறும் வழிகள், கூட்டத்தைப் பிரிக்கும் முறை, காவலர், மருத்துவ ஊர்தி ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடுவதும் விழாவின் ஒரு பகுதியே. நாம் விழாவில் தோய்ந்திருக்கும் வேளையில் நமக்காகப் பணியில் நிற்போரும் அங்கே உள்ளனர்.

இன்றைய அல்லங்காடி

இரவில் தள்ளுவண்டிகள் ஒளி பெறுகின்றன. இட்லி, கறி தோசை, பரோட்டா, பருத்திப்பால், ஜிகர்தண்டா எனச் சுவைகள் விரிகின்றன. சந்தைக்கு வந்த சுமைதூக்குவோர், பேருந்து ஓட்டுநர், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்போர் ஆகியோர் இக்கடைகளை நம்பி இருக்கின்றனர். எனினும் தெருவோர வணிகர்க்குக் கடை போட்ட இடம் நாளையும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதற்காகவே 2014இல் தெரு விற்பனையாளர் சட்டம் இயற்றப்பட்டது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு விற்பனையாளராகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என அது கூறுகிறது. நடப்போர்க்கு வழியும் விற்போர்க்கு வாழ்வும் ஒருசேரக் கிடைக்கும்படி தெருவைப் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம்.

உறங்குவோரைக் கண்ட புலவர்

மாங்குடி மருதனார் அல்லங்காடியின் ஆரவாரத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் யாமத்தில் கடையை அடைத்துத் துயிலச் செல்லும் பெண்களையும், பண்டங்களுடன் அமர்ந்தபடியே உறங்கிவிழும் பணியார வணிகரையும், ஆடிக் களைத்துக் கண்ணயரும் கூத்தரையும் காட்டுகிறார். தெருவில் மழைநீர் ஓடும் நள்ளிரவிலும் சோர்வின்றித் திரியும் ஊர்க்காவலரையும் அவர் மறக்கவில்லை. ஊரின் பெருமையைப் பாட வந்தவர், அவ்வூரைத் தாங்குவோரின் களைப்பையும் பாட்டில் வைத்தார்.

தூங்கா நகரம் என்பது பெருமைக்குரிய பெயரே. அப்பெயரைக் காத்துநிற்போர் பூப்பறிப்போர், துப்புரவு செய்வோர், விற்போர், நடிப்போர், காவல் புரிவோர் ஆகியோர். அவர்களுக்கு உரிய கூலியும் அமர இருக்கையும் அச்சமற்ற இடமும் போதிய உறக்கமும் கிடைக்கின்றனவா என்று கேட்பது, நகரத்தை விரும்பும் எவரும் கேட்கவேண்டிய கேள்வியாகும்.