கல்லேட்டில் கணுக்காலிகள்

கும்பகோணத்தில் வளர்ந்தவர்களுக்கு வயல் தொலைவுப் பொருள் அன்று. தெருவின் முடிவைக் கடந்து சிறிது நடந்தால் வரப்பில் கால் படும். நான் சிறுவனாயிருந்தபோது, நட்ட பயிர் பச்சை பிடித்திருந்த ஒரு நாளில், நெல்லின் தாளைப் பற்றியபடியே ஒரு பூச்சி செத்திருப்பதைக் கண்டேன். கண் இருந்தது, கால்கள் ஆறும் இருந்தன, முதுகில் மட்டும் ஒரு பிளவு. விரலால் தொட்டவுடன் உமிபோல் நொறுங்கிற்று. உள்ளே ஒன்றும் இல்லை! நான் பிணம் என்று எண்ணியது பிணம் அன்று. நீருக்குள் வளர்ந்த தட்டாரப்பூச்சி, சிறகு பெற்றுப் பறந்துபோகும் வேளையில் கழற்றிவிட்ட சட்டை அது.

மாணவ நண்பர்களே, அந்தச் சட்டையை நினைவில் வைத்துக்கொண்டால், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றை எவ்வாறு படிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

தட்டாரப்பூச்சி, வண்டு, எறும்பு, தேள், சிலந்தி, பூரான், நண்டு, இறால் ஆகியவை எல்லாம் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. இதுவரை அறியப்பட்ட விலங்கினங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இக்கூட்டத்தினவே. நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. இவற்றுக்கோ உடலின் வெளியே கவசமாக அமைந்திருக்கிறது. கவசம் பகைவரைத் தடுக்கும். உடல் வறண்டுபோகாமல் காக்கும். ஆயினும் அது உடலோடு சேர்ந்து வளராது. ஆகவே, வளர விரும்பும் கணுக்காலி பழைய கவசத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை அணிந்தே தீர வேண்டும்.

இக்கவசம் எதனால் ஆனது? கைட்டின் என்னும் பொருளும் புரதமும் கலந்தது. நண்டு இவற்றோடு சுண்ணாம்பையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அதன் ஓடு கடினமாகிறது. தட்டாரப்பூச்சியின் சட்டையில் அந்தச் சுண்ணாம்பு இல்லை. இச்சிறு வேற்றுமையே பிற்காலத்தில் பெரிய வேற்றுமையாகிறது. சுண்ணாம்பு ஏறிய ஓடு சேற்றில் புதைந்து கல்லாக வாய்ப்பு மிகுதி. அஃதில்லாத உடல் பெரும்பாலும் மட்கிப்போகும். ஆகவே, கல்லேட்டில் இடம் பெற்றவர்கள் யார், பெறாதவர்கள் யார் என்பதைத் தீர்மானிப்பது அவ்வுயிரின் சிறப்பு மட்டும் அன்று. அது அணிந்திருந்த சட்டையின் இயல்பும் ஆகும்.

டிரைலோபைட்டுகளைப் பாருங்கள். உடல் நீளவாட்டில் மூன்று மடல்களாகப் பிரிந்திருந்த கடல்வாழ் கணுக்காலிகள் இவை. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லேட்டில் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு மறைந்தன. இவற்றில் 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் வருணிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் இமயத்தின் ஸ்பிதிப் பகுதியிலிருந்து கிடைத்தவற்றை 1910இல் கௌப்பர் ரீட் என்னும் அறிஞர் விரிவாக வெளியிட்டார். ஒரு காலத்துக் கடலடி, இன்று பனிமலையின் உச்சியில் நிற்கிறது! இவற்றின் முதுகோடு சுண்ணாம்பால் ஆனது. அன்றியும், கிடைக்கும் துண்டுகளில் மிகப் பல செத்த உடல்கள் அல்ல, உரித்த சட்டைகள். ஓர் உயிர் தன் வாழ்நாளில் பல சட்டைகளை விட்டுச் செல்லும் அல்லவா? எனவே கல்லேடு சிலரை ஒன்றுக்குப் பலவாகக் காட்டுகிறது. பலரைக் காட்டாமலே விட்டுவிடுகிறது.

மறைந்தவர்களைச் சில அரிய இடங்கள் மட்டும் காட்டிக்கொடுக்கின்றன. கனடா நாட்டு பர்ஜெஸ் மலைப்பாறைகளில் 1909இல் வால்காட் கண்டவையும், சீனத்துச் செங்சியாங்கில் 1984 முதல் கிடைத்தவையும் இத்தகையன. நுண்ணிய சேறு திடீரென மூடியதால், மெல்லுடல்களும் அங்கே பதிந்துள்ளன. அவற்றைப் பார்த்தபோதுதான் சுண்ணாம்பில்லாத கணுக்காலிகள் அக்காலக் கடல்களில் எத்துணைப் பல்கியிருந்தன என்பது தெரிந்தது. டிரைலோபைட்டின் உடல் முதன்முதல் காணப்படும் அடுக்குகளுக்குக் கீழேயும், கணுக்காலிகள் சேற்றைக் கிளறி ஊர்ந்த தடங்கள் உள்ளன. உடல் அகப்படுமுன்பே காலடி அகப்பட்டுவிட்டது!

நிலத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊரின் பாறையில், ஏறத்தாழ 41 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஆறுகால் சிற்றுயிர் ஒன்று கிடைத்தது. 1926இல் அதற்கு ரைனியெல்லா எனப் பெயரிட்ட இருவருள் ஒருவர் மௌலிக் என்னும் இந்தியப் பூச்சியியலாளர். அதன்பின் பல கோடி ஆண்டுகளுக்குப் பூச்சிகளின் தடயம் மிக அரிது. ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி, சிறகுள்ள பூச்சிகள் பாறைகளில் கூட்டமாக வருகின்றன. சற்றுப் பின்னர், தட்டாரப்பூச்சியின் உறவான மெகநியூரா, இரு சிறகும் விரித்தால் 65 சென்டிமீட்டர் அளவுக்குப் பறந்து திரிந்தது. இடைப்பட்ட காலத்தில் பூச்சிகள் இல்லாமலா போயின? இல்லை. சிறகு எளிதில் மட்காத உறுப்பு. அது தோன்றியபின் பதிவுகளும் பெருகின என்று கொள்வது பொருந்தும்.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். காவிரிச் சமவெளி வண்டல் நிலம். இங்கே தோண்டினால் பழைய பாறை எளிதில் தட்டுப்படாது. கொள்ளிடத்தைக் கடந்து வடமேற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக்குச் சென்றால், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கிரெட்டேசியக் கடலின் படிவுகளைக் காணலாம். 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டோலிஸ்கா இவற்றின் உயிரெச்சங்களை ஆராய்ந்தார். அங்கே சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் ஏராளம். கடுகினும் சிறிய இரட்டை ஓட்டுக்குள் வாழ்ந்த ஆஸ்ட்ரகோடு என்னும் கணுக்காலிகளும் உள்ளன. அவற்றின் உறவினங்கள் இன்றும் நம் வயல் நீரில் நீந்துகின்றன. அவற்றின் ஓட்டில் சுண்ணாம்பு உண்டு. அதனால் அவை எஞ்சின.

பூச்சியைத் தேடுவோரோ அங்கே பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவர். ஆயினும், அதே பகுதியில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதனை அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன், 1951இல் அத்துறையின் முதல் இந்தியத் தலைவரானவர். அக்கடலின் கரையில் மரம் இருந்தது என்றால், அதன் இலையைக் கடித்த புழுவும் பட்டையைத் துளைத்த வண்டும் இல்லாமலா இருந்திருக்கும்?

அத்தகைய மௌனம் ஒன்று கலைந்த கதை குஜராத்தில் நிகழ்ந்தது. குங்கிலியக் கலய நாயனாரையும் அவர் தொண்டு செய்த திருப்பனந்தாளையும் நம் பகுதியில் அறியாதார் இல்லை. அவர் புகைத்த குங்கிலியம் மரத்தின் பிசினே. அவ்வகை மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த தொன்மரங்கள் கசியவிட்ட பிசின், 5 கோடி ஆண்டுகளுக்கும் சற்று முன்னர் உறைந்து அம்பர் ஆயிற்று. சூரத் மாவட்டத்து வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் அது கிடைக்கிறது. அதில் சிக்கிய 700க்கும் மேற்பட்ட கணுக்காலிகளைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளிவந்தது; அக்கணுக்காலிகளில் 14 வரிசைகளும் 55க்கும் மேற்பட்ட குடும்பங்களும் இருந்தன. இந்தியா நெடுங்காலம் தனித் தீவாக மிதந்து வந்தது. ஆதலால் இங்கே வேறெங்கும் இல்லாத பூச்சிகளே இருந்திருக்கும் என்று எதிர்பார்த்தனர். அம்பரோ ஐரோப்பா, ஆசியா முதலிய இடங்களின் பூச்சிகளுக்கு உறவானவற்றைக் காட்டிற்று. சான்று இல்லாத இடத்தில் கட்டிய கருத்து, சான்று வந்ததும் திருத்தம் பெற்றது.

மற்றொரு சாட்சி உயிருள்ள உடல்களின் மரபணு. பூச்சிக்கு நெருங்கிய உறவு பூரான் என்று பழைய பாடநூல்கள் கூறின. பூச்சிகள் நண்டு, இறால் ஆகியவற்றின் பெருங்குலத்திலிருந்து கிளைத்தவை என்பதே இன்றைய மரபணு ஆய்வின் முடிவு. வரப்பு வளையில் இருக்கும் நண்டும் அதன் மேலே பறக்கும் தட்டாரப்பூச்சியும் உறவினர்!

கல்லேட்டின் மௌனத்தை 'இல்லை' என்று படிப்பது பிழை. அந்த மௌனத்தை நம் விருப்பப்படி நிரப்புவதும் பிழையே. தடம், பிசின், மரபணு எனப் பல சாட்சிகளை அழைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவியல் முறை. அன்று என் விரல்பட்டு நொறுங்கிய சட்டையை எந்தக் கல்லும் காக்கப்போவதில்லை. ஆனாலும் அந்தத் தட்டாரப்பூச்சி வாழ்ந்தது, பறந்தது.