நடுவில் உறையும் கடைசித் துளி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் இரும்புக்குப் பெரிய எதிரி உப்பு. உப்பிட்டு வரும் தோல், அதைக் கழுவிய நீர், அந்த நீரை வற்றவைக்கும் சுத்திகரிப்பு நிலையம் என்று எங்கும் குளோரைடுதான். எவர்சில்வரில்கூட அது ஊசிக்குத்தாய்க் குழி பறிக்கும். அக்குழிகளில் பல, எஃகுக்குள் பொடியாகப் பதிந்திருக்கும் மாங்கனீசு சல்ஃபைடு துகள்களின் ஓரத்தில் தொடங்குகின்றன. எஃகு உறைந்தபோதே உள்ளே தங்கியவை அவை.

எஃகு அப்படி உறைவது எப்படி? சேலம் உருக்காலையில் 2010 முதல் உருக்கும் வார்ப்பும் அங்கேயே நடக்கின்றன. நீரால் குளிரும் செம்பு அச்சில் உருகிய எஃகு மேலிருந்து விழும். ஓரம் மட்டும் உறைந்து மெல்லிய தோலாகி, உள்ளே குழம்போடு கீழே இறங்கும். உருளைகள் தாங்கிப் பிடிக்க, நீர் பீய்ச்சப்பட, மீதி மெல்ல உறையும். இதுதான் தொடர் வார்ப்பு.

குச்சி ஐஸ் உறையும்போது ஓரம் வெளிறி, நிறமும் இனிப்பும் நடுவில் திரள்வதைப் போல, உறையும் எஃகும் கந்தகம், பாஸ்பரஸ், கார்பனை மீதித் திரவத்துக்குத் தள்ளிவிடுகிறது. உறையும்போது எஃகு சுருங்குவதால், நடுவில் உண்டாகும் வெற்றிடம் அந்தச் செறிந்த திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். உருளைகளுக்கிடையே தோல் புடைத்தால் நிலைமை இன்னும் மோசம். இதுவே மையத் திரட்சி.

விரிசலுக்கும் பெரும்பாலும் இதே திரவம்தான் வழிவிடுகிறது. இரும்பும் இரும்புச் சல்ஃபைடும் சேர்ந்த கலவை ஏறக்குறைய 988 டிகிரியிலேயே உருகிவிடும். எஃகு உறைவதோ 1500-ஐ ஒட்டி. படிகங்களுக்கிடையே இப்படி ஒரு திரவப் படலம் எஞ்சியிருக்கையில் இழுவிசை வந்தால் பிளவுதான். போதிய மாங்கனீசு இருந்தால் கந்தகத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். அதற்கு விலை, மேலே சொன்ன துகள்கள். கார்பன் 0.1 சதவீதத்தை ஒட்டிய எஃகு, உறைந்த கையோடு படிக அமைப்பு மாறிக் கூடுதலாகச் சுருங்குவதால், நீளவாக்கில் வெடிக்கும். அச்சிலிருந்து வளைந்து இறங்கும் பாளத்தை 700 முதல் 900 டிகிரி வெப்பத்தில் நிமிர்த்தினால் குறுக்குவெடிப்பு வரலாம். அந்த வெப்பத்தில் பல எஃகு வகைகளுக்கு நெளிந்துகொடுக்கும் தன்மை குறைவு.

பழைய இரும்பை உருக்கும் சிறு ஆலைகளுக்கு இன்னொரு தொல்லை, செம்பு. மோட்டார் சுருளோடு உலையில் விழுந்தால் அதை வெளியேற்ற வழியில்லை. சூட்டில் மேற்பரப்பு இரும்பு ஆக்சைடாகிப் போக, செம்பு அங்கே திரண்டு உருகிப் படிக எல்லைகளில் ஊடுருவும். இத்தகைய ஆலைகளின் தூண்டல் உலையில் பாஸ்பரஸை நீக்குவதும் கடினம். எனவே உலைக்குப் போகும் ஸ்கிராப்பைப் பொறுக்குவதுதான் அங்கே உண்மையான தரக்கட்டுப்பாடு என்பேன்.

பெரிய ஆலைகள் அளவுக்கு மீறிய சூடில்லாமல் ஊற்றுகின்றன, மின்காந்தத்தால் கலக்குகின்றன, கடைசித் திரவம் உறையும் இடத்தில் உருளைகளால் மெல்ல நசுக்குகின்றன. திரட்சி குறையும், ஒழியாது.

வீடு கட்டுவோருக்கு: ஐஎஸ் 1786-இன் 500டி கம்பியில் கந்தகமும் பாஸ்பரஸும் தலா 0.040 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து 0.075. ஆனால் சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் உருகிய எஃகில் எடுத்த மாதிரியின் அளவு. கம்பியின் மையத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் கம்பியையே வெட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.