தீட்சிதரோட பிளே லிஸ்ட்ல என்ன இருந்துச்சு?

உங்க போன்ல கடைசியா ஓடின அஞ்சு பாட்டு என்ன? வெட்கப்படாம சொல்லுங்க. என்னோடது இதுதான்: ஒரு இளையராஜா, ஒரு கானா, ஒரு கொரியன் பாட்டு, ஒரு மாதா கோயில் பாட்டு, கடைசியா காருகுறிச்சியார் நாகஸ்வரம். லிஸ்ட்டைப் பார்த்த ரூம்மேட் கேட்டான், "மச்சி, உனக்குன்னு ஒரு டேஸ்ட்டே கிடையாதாடா?"

சுருக்குனு தச்சிருச்சு. ஏன்னா போன வருஷம் ஒரு கல்ச்சுரல்ஸ்ல கீர்த்தனையும் கிடாரும் சேர்த்து வாசிச்சோம். "இது கிளாசிக்கலா, வெஸ்டர்னா? எந்தக் கேட்டகிரி?"னு கேட்டு ஸ்டேஜை விட்டே இறக்கிட்டாங்க.

ரெண்டு கேள்விக்கும் பதில் எட்டயபுரத்துல இருக்கு பாஸ்! தூத்துக்குடியிலிருந்து பஸ்ல சுமார் ஒரு மணி நேரம். பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துட்டு எல்லாரும் திரும்பிடுவோம். அதே ஊர்லதான் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியும் இருக்கு. திருவாரூர்ல பிறந்தவர், 1835-ம் வருஷ தீபாவளி அன்னிக்கு இங்கே காலமானார்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தர். ரொம்ப ஆசாரமான ஆளு, வேற எதையும் காதுல வாங்கியிருக்க மாட்டார்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இள வயசுல குருவோட காசிக்குப் போய் அஞ்சு வருஷம் போல இருந்தவர் அவர். அங்கே கேட்ட இந்துஸ்தானி இசை மனசுல ஒட்டிக்கிச்சு. 'ஜம்பூபதே' யமுனா கல்யாணி, 'பரிமள ரங்கநாதம்' ஹமீர் கல்யாணி, 'சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்' த்விஜாவந்தி... எல்லாம் அந்த வாசம் அடிக்கிற பாட்டுங்க.

இன்னொரு பக்கம் சென்னை. தீட்சிதர் குடும்பத்தை ஆதரிச்ச மணலி முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனியில துபாஷ். அந்தப் பழக்கத்துல கோட்டையில வெள்ளைக்காரன் பேண்ட் வாசிச்சது இவர் காதுல விழுந்துச்சு. மூஞ்சியைத் திருப்பிக்கலை. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாமி பாட்டு எழுதிட்டார்! 'நோட்டு ஸ்வரம்'னு பேரு. நாற்பது பாட்டு பக்கம் வரும். 'சந்ததம் பாஹிமாம்' கேட்டுப் பாருங்க... 'காட் சேவ் தி கிங்' மெட்டேதான்!

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியும். மக்ரூன் போர்த்துக்கீசியர் கூட வந்த பண்டம்னு சொல்வாங்க. பாதாமை எடுத்துட்டு முந்திரியைப் போட்டோம். இன்னிக்கு அது தூத்துக்குடி மக்ரூன். கப்பல்ல வந்ததுன்னு யாராச்சும் ஒதுக்குறோமா?

அண்ணன் இப்படின்னா, தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேல. ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்த முன்னோடி. நின்னு தோள்ல வெச்சு வாசிக்கிற வாத்தியம், நம்மகிட்ட சம்மணம் போட்டு உட்கார்ந்துடுச்சு. தந்திகளை ச-ப-ச-பன்னு நம்ம சுருதிக்கு மாத்திக்கிட்டாங்க. அவரு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். இன்னிக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அதை யாராச்சும் 'எந்தக் கேட்டகிரி?'னு கேட்கிறாங்களா?

"அப்போ நாங்க கிடார் வாசிச்சதும் கரெக்ட்தானே!"னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம்னு பார்த்தேன். ஒரு விஷயம் தடுத்துச்சு. பாலுசுவாமி வயலினுக்கு மூணு வருஷம் செலவழிச்சதா சொல்றாங்க. அண்ணனுக்கு வீணையும் வேங்கடமகி பரம்பரையோட 72 மேளமும் அத்துப்படி. நாங்க? மூணே நாள் ரிகர்சல். (அதுல ஒரு நாள் டீக்கடையில போச்சு!) இறக்கி விட்டவங்க கேட்ட கேள்வி தப்பா இருக்கலாம். ஆனா எங்க வாசிப்பு அவங்களை வாயடைக்க வைக்கலைங்கறதும் உண்மை.

இந்தப் பாட்டெல்லாம் நமக்குக் கிடைச்சதுக்கும் எட்டயபுரத்துக்குத்தான் நன்றி சொல்லணும். பாலுசுவாமியோட பேரன், அவரே தத்து எடுத்து வளர்த்த சுப்பராம தீட்சிதர், 1904-ல 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'ங்கற மகா பெரிய புத்தகத்தை இங்கேதான் அச்சடிச்சார். கமகத்துக்குக்கூட தனித்தனி அடையாளக் குறி போட்டிருக்கார். ஊர்க்காரர் பாரதி அவர் மறைவுக்கு இரங்கற்பா எழுதினார். வித்வான்கள் பாடினதையே திரும்பத் திரும்பப் பாடுறாங்கன்னு கட்டுரையில சலிச்சுக்கிட்டவரும் அதே பாரதிதான்!

ஊருக்குத் திரும்பினதும் ரூம்மேட்டுக்கு 'சந்ததம் பாஹிமாம்' போட்டுக் காட்டினேன். "டேய், இது இங்கிலீஷ் பாட்டாச்சே!"ன்னான்.

"இல்ல மச்சி, தீட்சிதர் பாட்டு."

ரெண்டாவது தடவை அவனே பிளே பண்ணினான். நான் கிடாரை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. நீங்க எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?