நவம்பர் வரிசை

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்ச் சான்று அளிக்கும் நவம்பரில் எங்கள் கிளைகளில் வரிசை நீள்கிறது. நெடுநேரம் காத்திருந்து முகப்பை அடைந்தால், முதுமையில் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும். வேறொரு விரல், மீண்டும் முயற்சி. எதிரே நிற்பவரின் சங்கடம் எங்களுக்கும் உண்டு.

இந்த அலைச்சல் பலருக்குத் தேவையற்றது. 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் சான்றை இப்போது ஆதார் துணையுடன், கைப்பேசியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே அளிக்கலாம். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம்.

ஓய்வூதிய ஆணை எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் சான்று நிராகரிக்கப்படலாம், ஓய்வூதியமும் நின்றுபோகும். ஆகவே அனுப்பிய சில நாள்களில், அது ஏற்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். நேரில் வர விரும்புவோரையும் வரவேற்கிறோம். மாதத்தின் முதல் வாரத்தை மட்டும் தவிர்த்தால் நலம்.