ஜாடிக்குள் 63, பைப்பில் களகள

போன எபிசோடில் வீட்டு சென்சார்களை எப்படிச் சரிபார்ப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினோம், ஞாபகம் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு மூனிக்கிலிருந்து ஒரு நேயர் கேட்ட கேள்விதான் இந்த வாரக் கட்டுரை. பைப் புகையிலையைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, உள்ளே ஒரு எஸ்எச்டி31 சென்சார் வைத்திருக்கிறார். ஈஎஸ்பி32 போர்டு வழியாக ஹோம் அசிஸ்டன்டில் எண் வருகிறது: ஈரப்பதம் 63 சதவீதம். நாலு வாரமா கோடு ஆடாம நேரா போகுது. ஆனா பைப்பைப் பத்த வெச்சா பாதியிலேயே களகளன்னு தண்ணி சத்தம், நாக்கு எரிச்சல், அஞ்சு தடவை தீக்குச்சி. "சென்சார் போயிடுச்சா ப்ரோ?"

உப்பு டெஸ்ட்டும் செய்து பார்த்திருக்கிறார். சமையல் உப்பை ஈரமாகக் குழைத்து மூடிய டப்பாவில் சென்சாரோடு வைத்தால் 75 காட்ட வேண்டும், அவருக்கு 74.6. ஆக, சென்சார் நல்லாத்தான் இருக்கு. அது அளப்பது ஒன்று, அவர் கொளுத்துவது இன்னொன்று.

மேலே போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைப் புகை வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணம். ஈரத்தைச் சரிசெய்தால் அந்த ஆபத்து குறையாது. நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை பிடிக்கிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜாடிக்குள் இருக்கும் சென்சார் காற்றின் ஈரப்பதத்தை அளக்கிறது. இலைக்குள் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு; ஆனால் அந்தத் தொடர்பு ஒவ்வொரு புகையிலைக்கும் வேறு கோடு. சிகரெட் ஆய்வகங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 3402 தரம், சோதனைக்கு முன் சரக்கை 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. சாதாரணமாக வெட்டிய இலை அங்கே சுமார் 12, 13 சதவீதம் தண்ணீரோடு நிலைகொள்ளும். வனிலா, செர்ரி வாசனை போட்ட பைப் புகையிலையில் சர்க்கரையும் புரொப்பிலீன் கிளைகாலும் சேர்ந்திருக்கும். இவை தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் அதே 63 இருக்கும், இலைக்குள் மட்டும் தண்ணீர் கூடுதலாக இருக்கும். நேயர் வாங்கியதும் அந்த மாதிரி வாசனைச் சரக்குதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரமான இலையைக் காயவைத்து 63-க்கு வந்தால் ஒரு அளவு தண்ணீர். காய்ந்த இலையை ஈரமாக்கி அதே 63-க்கு வந்தால் அதைவிடக் குறைவு. எந்த வழியாக வந்தோம் என்பதை இலை மறப்பதில்லை. புரோகிராமர் பாஷையில் சொன்னால், இலை ஸ்டேட்லெஸ் கிடையாது.

தண்ணீர் கூடினால் என்ன ஆகும்? தணலின் வெப்பம் முதலில் அதை ஆவியாக்கத்தான் போகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.3 கிலோஜூல் வேண்டும். அதனால் தணல் அணையும், மறுபடி மறுபடி பற்றவைப்போம், வேகமாக இழுப்போம். அந்தச் சூடான நீராவிதான் நாக்கைச் சுடுகிறது. மிச்ச ஆவி குளிர்ந்த தண்டில் பட்டுத் தண்ணீராகிக் களகளக்கிறது. ரொம்பக் காய்ந்துவிட்டாலும் வம்புதான்: சட்டென்று எரிந்து தீரும், புகை காட்டமாக இருக்கும், வாசனையும் போய்விடும்.

ஆனால் தண்ணீரே இல்லாத புகையிலையிலும் தண்ணீர் வரும். எரிதல் என்பதே தண்ணீர் உண்டாக்கும் வேலை. ஒரு கிராம் செல்லுலோஸ் முழுதாக எரிந்தால் அரை கிராமுக்கும் சற்று அதிகமாகவே தண்ணீர் வரும். களகளச் சத்தத்தைப் பூஜ்யமாக்க முடியாது, குறைக்கலாம்.

சரி, இலைக்குள் இருக்கும் தண்ணீரை நேரடியாக அளக்க முடியாதா? அடுப்பில் 100 டிகிரியில் வைத்து எடைக் குறைவைப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் புரொப்பிலீன் கிளைகாலும் நிகோட்டினில் கொஞ்சமும் சேர்ந்து பறக்கும். எல்லாமே தண்ணீர்க் கணக்கில் ஏறிவிடும். இதற்கு விடை கொடுத்தவர் ஒரு ஜெர்மானியர். கார்ல் ஃபிஷர், பெட்ரோலியத் துறையில் வேலை பார்த்த வேதியியலாளர், 1935-இல் ஒரு முறையை வெளியிட்டார். அயோடினும் சல்ஃபர் டையாக்சைடும் சேரும் வினை, தண்ணீர் இருந்தால்தான் நடக்கும். எவ்வளவு அயோடின் செலவானது என்று பார்த்தால் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மருந்து, எண்ணெய், உணவு என்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் இதுதான் ஓடுகிறது. நம்ம சமையலறைக்கு வராது, அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வருடம் முன், 1934-இல், நூர்ன்பெர்க்கில் வேறொரு விடை வந்தது. 1848 முதல் பைப் செய்யும் பாரம்பரியம் கொண்ட ஃபவென் நிறுவனம் டாக்டர் பெர்ல் ஃபில்டரை அறிமுகப்படுத்தியது. இன்று ஜெர்மனியில் பைப் என்றாலே தண்டுக்குள் 9 மில்லிமீட்டர் கரி ஃபில்டர் போட இடம் இருப்பது சகஜம். ஈரத்தை அது நன்றாகவே உறிஞ்சும். நானும் போடுகிறேன். ஆனா என் பார்வையில் அது பக்கைச் சரிபண்ணாம ரீட்ரை லூப் போடுற மாதிரி.

இந்த விஷயம் எனக்கு ஏன் உறைத்தது என்றால், போன வருடம் ஒரு அச்சகத்தில் ஒப்பந்த வேலை. கிடங்கு முழுக்க சென்சார், டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, 50 சதவீதம். அப்படியும் குளிர்காலத்தில் லாரியிலிருந்து இறங்கும் காகிதம் ஓரத்தில் அலைபோல் நெளிந்தது. தூணில் மாட்டிய சென்சார் அறைக் காற்றைச் சொன்னது. குளிர்ந்த காகிதத்தை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் அதைவிட மிக அதிகம். டாஷ்போர்டு பச்சை என்பதால் கிடங்கு ஆட்கள் சொன்னதை மேலே யாரும் நம்பவில்லை. ஷிஃப்ட்டில் இருந்த ஒரு பெரியவர் காகிதத்தைக் கையால் தடவியே "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன நாட்களில் ஓட்டிய காகிதம் பாதி குப்பைக்குத்தான் போனது.

எங்கள் அம்மா ஊர் வேடசந்தூர் பக்கம். அங்கே புகையிலைக்காரர்கள் இதற்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள்: பதம். காய்ந்த இலையை வெயிலில் தொட்டால் நொறுங்கிப்போகும். விடிகாலைப் பனியில் இலை இளகியதும்தான் கை வைப்பார்கள். அல்வாவுக்குப் பாகுப் பதம் பார்ப்பது போல, விரல்தான் கருவி.

பைப்புக்கும் விரல் சோதனை இருக்கிறது. ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே அழுத்தி விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். மெதுவாக விரிந்தால் பதம். மொறுமொறுவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

எண் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு (நானும்தான்), சென்சாரை விட நகைத் தராசு மேல். 0.01 கிராம் காட்டுவது போதும். 5 கிராம் சரக்கில் 20 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள்: தண்ணீர் 1 கிராம், இலை 4 கிராம். 13 சதவீதத்துக்கு வர மொத்தம் 4.6 கிராம் ஆக வேண்டும், அதாவது 0.40 குறைய வேண்டும். ஐந்தில் 7 சதவீதம் 0.35 தானே என்று கேட்காதீர்கள். தண்ணீர் போகப் போக வகுக்கும் எண்ணும் மாறுகிறது. ஆரம்ப ஈரம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. புது டப்பா திறந்ததும் 5 கிராம் எடுத்துத் தட்டில் பரப்புங்கள். 0.2 குறைந்ததும் ஒரு தடவை, 0.4-இல் ஒரு தடவை, 0.6-இல் ஒரு தடவை என்று வேறு வேறு நாளில் பிடித்துப் பாருங்கள். எது நன்றாக எரிந்ததோ அதை டப்பா மேல் எழுதிவிடுங்கள். அந்தச் சரக்குக்கு அதுதான் பதம்.

(ஒரு இடைச்செருகல்: ஜெர்மனியில் பைப் புகையிலை வரியில் ஒரு பகுதி எடைக்கு. 50 கிராம் டப்பாவில் 20 சதவீத ஈரம் என்றால் 10 கிராம் தண்ணீருக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம்.)

எவ்வளவு நேரம் காயவைப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஜனவரியில் வெளியே 0 டிகிரி, 80 சதவீதம். அதே காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், மேக்னஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 20 சதவீதத்துக்குப் பக்கம் வந்துவிடும். குளியல், சமையல், மூச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏற்றும். அப்போது தட்டில் மறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் சருகாகிவிடும். ஆகஸ்டில் இடி மழைக்கு முந்தைய சாயங்காலம் அதே தட்டில் எதுவும் நகராது. ஊரில் ஐப்பசி மாதம் முயற்சி செய்பவர்கள் இன்னும் பாவம்: 80 சதவீதக் காற்றில் இலை காயாது, தண்ணீர் குடிக்கும். அங்கே ஏசி அறையில்தான் தட்டை வைக்க வேண்டும்.

ஜாடிக்குள் இருக்கும் சென்சாரைக் கழற்ற வேண்டியதில்லை. 70-ஐத் தாண்டினால் பூஞ்சை வர ஆரம்பிக்கும். அந்த எச்சரிக்கைக்கு அது அருமையான கருவி. அதற்கு மட்டும் அலர்ட் வையுங்கள்.

அடுத்த எபிசோடில் எச்எக்ஸ்711 சிப்பும் லோட் செல்லும் வைத்து இதே தராசை வீட்டிலேயே கட்டுவது பற்றிப் பேசுகிறோம். குளிர்காலம் முடிவதற்குள் தட்டு, தராசு, எடைக் குறைவு மூன்றையும் குறித்து அனுப்புங்கள், எபிசோடில் படிக்கிறோம்.